சாவி இருந்த கை

யாராவது எதிரில் வந்து "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் மேடம் உடனே பதில் சொல்லமாட்டார். இவர் எதற்குக் கேட்கிறார் என்று முதலில் யோசிப்பார். தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுப் போகும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்து கோட்டைப் பார்ப்பார். குறைந்திருந்தது என்று ஒருநாளும் யாரும் கேள்விப்பட்டதில்லை. அதற்காகக் கோடு போடுவது நிற்கவுமில்லை.

ஓவியக் கல்லூரியில் படம் போடக் கற்றுக்கொடுக்க ஆறு பேர் இருந்தார்கள். படம் பார்க்கக் கற்றுக்கொடுக்க மேடம் ஒருவர்தான். அந்த வேலைக்கு அவருடைய குணம் அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தியது.

"படம் ஒரு சாட்சி" என்று முதல் வகுப்பில் சொல்வார். "சாட்சி சொல்றதை அப்படியே நம்பறவன் வீட்டுக்குப் போகலாம். நீ குறுக்கே கேளு. இந்த நிழல் ஏன் இங்க விழுது, இந்த நாற்காலி ஏன் காலியா இருக்கு, யாரு இப்பதான் எழுந்து போனா? கேட்டுக்கிட்டே இரு. ஒரு இடத்துல படம் தடுமாறும். அங்கதான் விஷயம் இருக்கும்."

இதனால் மாணவர்கள் அவருக்குக் 'குறுக்கு' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். யார் வைத்தது என்பதுகூடத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் பத்து நிமிடம் பேனாவைத் தொடக் கூடாது. அப்புறம் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் எப்படி இருக்கிறது. ஏன் என்பது கடைசியில், அதுவும் முன்னால் எழுதியதிலிருந்து வந்தால் மட்டும். கரும்பலகையின் மூலையில் ஒரு கட்டம் வரைந்து அதற்குள் சில சொற்களை அடைத்து வைத்திருந்தார்: அழகு, அருமை, ஆழம், உணர்வு. அது சிறை. உள்ளே போன சொல்லை யாரும் வகுப்பில் சொல்லக் கூடாது.

"மேடம், 'அருமை'யை மட்டும் ஜாமீன்ல விடலாமா?" என்று ஒருவன் கேட்டான்.

"அது பழைய கேடி. விட்டா ஊரையே கெடுத்துடும். உக்காரு."

இதையெல்லாம் விட முக்கியமானது நாற்பத்தொன்று. அது ஒரு ஸ்லைடின் எண். ஆண்டின் முதல் வாரம் இருட்டறையில் அந்த ஸ்லைடைத் திரையில் காட்டி எல்லோரையும் எழுதச் சொல்வார். தாள்களை உறையில் போட்டு அரக்கு வைத்துப் பூட்டிவிடுவார். ஆண்டின் கடைசித் தேர்விலும் அதே படம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒருவனுடைய கண் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பதினெட்டு ஆண்டாக இப்படித்தான். அந்த மதிப்பெண்ணில்தான் அடுத்த ஆண்டுக்குப் போவது இருந்தது.

படம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அறை. காலி நாற்காலி, அதன்மேல் ஒரு கோட்டு. பாதி திறந்த கதவு. கதவைப் பார்த்து ஒரு பெண் நிற்கிறாள். ஒரு கை பைக்குள் இருக்கிறது, மறு கையில் சாவி. வரைந்தவர் யாரென்று தெரியாது. கையெழுத்தே இல்லை. வேண்டுமென்றேதான் மேடம் அப்படி ஒரு படத்தைப் பிடித்தார். கையெழுத்து இருந்தால் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டுப் பேரைப் பார்ப்பார்கள் என்பது அவர் கட்சி. அசல் இருந்தது ஒரு இரவுப் பயணத் தொலைவில், வேறொரு நகரத்து அருங்காட்சியகத்தில். வேலைக்குச் சேருமுன் அங்கே போய் அதன்முன் நோட்டும் பென்சிலுமாக நாற்பது நிமிடம் நின்றார். இதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வார்.

படத்துப் பெண் இடப்பக்கம் பார்த்து நிற்கிறாள். நம் கண் இடமிருந்து வலமாக ஓடிப் பழகியது. அதை எதிர்த்து நிற்கிறவள் போகிறவளாக இருக்க முடியாது. வந்துவிட்டவள். வந்தபின் திரும்பிக் கதவைச் சாத்தப் போகிறவள். அதோடு, சாவி இடது கையில் இருக்கிறது. அவசரமாகப் பூட்டிக்கொண்டு போகிறவள் பழகிய கையில் வைத்திருப்பாள். இவளுக்கு அவசரமில்லை. இந்த இடது கையைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஐந்து மதிப்பெண். மேடத்தின் தீர்ப்பு பதினெட்டு ஆண்டாக அதுதான்: அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இந்த ஆண்டுத் தேர்வுத்தாளில் ஒன்று மட்டும் வேறுவிதமாக இருந்தது.

எழுதியவள் மூன்றாம் வரிசைப் பெண். அண்ணன் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர் என்பதால் வகுப்பில் அவளுக்கு 'டிரைவர் தங்கச்சி' என்று பேர். அதிகம் பேசாதவள். அவள் தாளில் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. கதவு வலப்பக்கம் இருந்தது. சாவி வலது கையில் இருந்தது. ஆகவே இந்தப் பெண் போகிறாள், திரும்பி வரப்போவதில்லை, கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்று முடித்திருந்தாள். அடியில் தனியாக ஒரு வரி: 'திரையில் தெரிவதை அல்ல, படத்தில் இருப்பதை எழுதியிருக்கிறேன்.'

மேடம் முதல் வாரத்துத் தாளை உறை கிழித்து எடுத்தார். அதில் அவளே கொட்டை எழுத்தில் 'இடது கை' என்று எழுதியிருந்தாள்.

ஆண்டு முழுக்கப் படித்த பிறகு கண் இப்படிப் பின்னால் போகுமா? போகாது. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். படத்தைப் பார்க்காத யாரோ. யார் என்பதும் மேடத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. புதிதாக வந்திருந்த சின்ன சார். சேர்ந்த மாதத்திலேயே ஆசிரியர் அறையில், "ஒரே படத்தையா மேடம், இத்தனை வருஷமாவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர். அன்றைக்கே மேடம் கல்லூரியில் தன் அலமாரிக்கு இரண்டாவது பூட்டு வாங்கிப் போட்டார். போன வாரம் சின்ன சார் டீக்கடையில் இந்தப் பெண்ணிடம் ஏதோ தாளைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்ததையும் பார்த்திருந்தார். இரண்டும் இரண்டும் நாலு.

தாளின் தலையில் சிவப்பு மையில் 'பார்க்காமல் எழுதியது' என்று எழுதினார். முதல்வருக்கு ஒரு கடிதமும் எழுதினார். பிறர் சொல்லிக்கொடுத்ததைத் தேர்வில் எழுதினால் கல்லூரியைவிட்டு நீக்கலாம் என்று விதி இருந்தது. முதல்வர் வியாழக்கிழமை விசாரணை என்று குறித்தார்.

திங்கட்கிழமை மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு."

"பரவாயில்ல மேடம். நிக்கறேன்."

"உக்காருன்னா உக்காரு. நிக்கறவங்க சீக்கிரம் நழுவிடுவாங்க."

உட்கார்ந்தாள்.

"முதல் தாள்ல எந்தக் கைன்னு எழுதின?"

"இடது."

"இப்ப?"

"வலது."

"நடுவுல அந்தப் பொம்பள கை மாத்திக்கிட்டாளா?"

அவள் தரையைப் பார்த்தாள். "நேர்ல போய்ப் பார்த்தேன் மேடம். லீவுல."

"எப்படிப் போன?"

"அண்ணன் பஸ்ல. விடிஞ்சு போய்ச் சேர்ந்தோம். அண்ணன் திரும்ப வண்டி எடுக்க ஒம்பது மணி நேரம் இருந்துச்சு. அவன் படுத்துத் தூங்கிட்டான். நான் நடந்து போனேன்."

"அந்தப் படம் இருக்கற மண்டபம் மூணு வருஷமா பூட்டிக் கிடக்கு. மராமத்து வேலை. எனக்கே கடிதம் போட்டிருக்காங்க."

"இப்பத் தெறந்துட்டாங்க மேடம்."

"சீட்டு எங்க? உள்ள விட சீட்டு கொடுப்பாங்களே?"

"கொடுத்தாங்க. பஸ்லயே எங்கயோ விழுந்துடுச்சு."

"வசதியா விழுந்துடுச்சு." மேடம் முன்னால் சாய்ந்தார். "யாரு சொல்லிக்கொடுத்தது? உண்மையைச் சொல்லு."

"நீங்கதான் மேடம்."

"என்னது?"

"நம்பாதேன்னு."

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு பேசுகிற பெண் இல்லையே இவள். இந்தப் பதில்கூட யாரோ தயார் பண்ணிக் கொடுத்ததுதான் என்று அப்போதே முடிவு கட்டினார்.

வீட்டில் மேடமும் அவருடைய தங்கையும்தான். தங்கை கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வருகிறவர்களை உட்கார வைத்து எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லி எந்தக் கண்ணாடி என்று பார்க்கிற வேலை. அக்கா சாப்பிடும்போது உம்மென்று இருந்தால் தங்கைக்குப் பொறுக்காது.

"இன்னிக்கு யாரு மாட்டினா?"

மேடம் கதையைச் சொன்னார். சின்ன சார் வரும் இடத்தில் குரல் தானாகத் தாழ்ந்தது, பக்கத்து வீட்டில் அவர் ஆள் வைத்திருப்பதுபோல.

"உனக்கு என்னைக்காவது யாரையாவது நம்பணும்னு வந்தா ஜுரம் வந்துடும்க்கா" என்றாள் தங்கை. "எங்க கடையில என்னாச்சு தெரியுமா? இடம் சின்னது இல்ல? அதனால அட்டையைத் திருப்பி அச்சடிச்சு நாற்காலிக்குப் பின்னால மாட்டியிருப்போம். எதிர்ல நிலைக்கண்ணாடி. கண்ணாடில பார்த்தா எழுத்து நேரா தெரியும். புதுசா வந்தவ சுவரைத் தொடைக்கறேன்னு அந்த அட்டையைக் கழட்டி, எதிர்ச் சுவத்துலயே மாட்டிட்டா. காலையிலேர்ந்து வந்த நாலு பேருக்கு ஒரு எழுத்து படிக்க வரல. நாலு பேருக்கும் கண்ணு போச்சுன்னு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துட்டா!"

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. ஒருத்தர் தப்பா படிச்சா நாங்க முதல்ல அட்டையைத்தான் பார்ப்போம். கண்ணைப் பத்தி அப்புறம்."

மேடம் கை கழுவ எழுந்துவிட்டார். ஆனால் அட்டை என்ற சொல் கூடவே வந்தது. அட்டையை யாராவது மாற்றியிருந்தால்? நாற்பத்தொன்றை எடுத்து யாராவது ஏதாவது செய்திருந்தால்? சின்ன சாரிடம் இருட்டறைச் சாவி இருக்கிறதா?

செவ்வாய்க்கிழமை காலை நேராக இருட்டறைக்குப் போனார். புரொஜெக்டர்காரர் துணியால் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடம் சேர்ந்த ஆண்டிலிருந்தே அவர்தான் அங்கே. விளக்கு சூடேறிய தூசி வாசனை அவர் சட்டையிலேயே தங்கிவிட்டிருந்தது.

"நாற்பத்தொண்ணை யாராவது தொட்டாங்களா?"

"யாரு மேடம் தொடுவா? அதைக் கையில எடுத்தா எனக்கே உதறும்."

"சின்ன சார் இங்க வந்தாரா?"

"மின்விசிறி ஓடுதுன்னு சில நாள் வந்து உக்காருவாரு. அவரு எதையும் தொடமாட்டாரு. தூக்கம்தான்."

மேடம் ஸ்லைடை வாங்கிப் பார்த்தார். அட்டைச் சட்டத்தில் தன் கையால் எழுதிய 41. மூலையில் சிவப்புப் புள்ளி. வேலைக்குச் சேர்ந்த ஆண்டு அருங்காட்சியகத்திலிருந்து பிலிம் சுருளாகத் தபாலில் வந்தது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தானே வெட்டி, தானே அட்டையில் ஒட்டி, தங்கையின் நகப்பூச்சால் ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்தார். புரொஜெக்டரில் போடும்போது வலது கட்டைவிரலுக்கு அடியில் புள்ளி வர வேண்டும். வந்தால் படம் சரியாக விழும். அதற்காகத்தான் புள்ளி. நகப்பூச்சு அதேதான். கையெழுத்து அதேதான். யாரும் மாற்றவில்லை.

"இது சரியாத்தானே இருக்கு?" என்றார், பாதி தனக்குத்தானே.

புரொஜெக்டர்காரர் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"நீங்க சொன்னபடிதான் மேடம் போடறேன்."

"அப்படின்னா?"

"புள்ளிப்படி."

"புள்ளிப்படின்னா என்ன? வேற எப்படிப் போடறது?"

அவர் ஸ்லைடை வாங்கி விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். "பாருங்க. இந்தப் பக்கம் பளபளன்னு இருக்கு. அந்தப் பக்கம் மங்கல். மருந்து பூசின பக்கம் மங்கலா இருக்கும். மங்கல் பக்கம் திரையைப் பார்த்து இருந்தாத்தான் படம் நேரா விழும். மத்த எல்லா ஸ்லைடும் அப்படித்தான் இருக்கு. இது ஒண்ணுல பிலிமு திரும்பி ஒட்டியிருக்கு. புள்ளிப்படி போட்டா இடம் வலமாகிடும்."

மேடம் அந்த மங்கலையும் பளபளப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது வருஷமே."

"பதினேழு வருஷமாவா? ஏன் சொல்லல?"

"வாயால சொல்லல மேடம். போட்டே காட்டினேன்." அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "அந்த வருஷம் மங்கல் பக்கம் பார்த்துச் சரியாப் போட்டேன். நீங்க வகுப்பை நிறுத்திட்டு, அத்தனை பேர் முன்னால, 'படத்தையே திருப்பிப் போட்டிருக்கீங்களே, நான் நேர்ல பார்த்தவ'ன்னு கத்தினீங்க. நேர்ல பார்த்தவங்ககிட்ட நான் என்னத்தப் பேச? அதுலேர்ந்து புள்ளிப்படிதான்."

மேடம் கதவுவரை போய்த் திரும்பி வந்தார். "நீங்களும் அவங்களும் சேர்ந்து பேசி வச்சிருக்கலையே?"

"எவங்க?"

மேடம் ஸ்லைடை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்னும் ஒரே ஒரு சாட்சி பாக்கி. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் மேல்தட்டில், தகரப் பெட்டிக்குள், அந்த நாற்பது நிமிடத்து நோட்டைத் தேடி எடுத்தார். முதல் வாரத்துக் கதையாக அதைச் சொல்லத் தொடங்கிய பிறகு நோட்டைத் திறந்து பார்க்கவேண்டிய தேவையே வரவில்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

நடுப்பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு படம். நாற்காலி, கதவு, பெண். வலப்பக்கம் பார்த்து நின்றாள். கையிலிருந்து ஒரு அம்புக்குறி போட்டு ஓரத்தில் எழுதியிருந்தது: 'சாவி, வலது கை.' அதற்குக் கீழே: 'போகிறாள்?'

மேடம் எழுத்தைச் சந்தேகப்பட்டார். 'கி' போட்டிருந்த விதம் அவருடையதுதான். தேதியைச் சந்தேகப்பட்டார். பக்கம் கிழித்து ஒட்டப்பட்டிருக்கிறதா என்று தைத்த நூலை நகத்தால் நெருடிப் பார்த்தார். நோட்டு யார் கைக்கும் போயிருக்க முடியாது. இந்த அலமாரிக்கு இரண்டு பூட்டு இல்லாவிட்டாலும், வீட்டுக்கு வருகிறவர்களே கிடையாது. கடைசியில் சந்தேகப்பட ஆள் தீர்ந்துபோய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

கண்ணை மூடி அந்த நகரத்து மண்டபத்தை நினைத்துப் பார்த்தார். தரை நினைவிருந்தது. காவலாளியின் இருமல் நினைவிருந்தது. படம் வந்தபோது அவள் இடப்பக்கம் பார்த்துத்தான் நின்றாள். எத்தனை தடவை மூடித் திறந்தாலும் இடப்பக்கம்தான். கண்ணால் பார்த்ததை ஸ்லைடு தின்றுவிட்டிருந்தது.

தங்கை எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ஏதாவது காணோமா?"

"உன் நகப்பூச்சு" என்றார் மேடம்.

"இருபது வருஷம் முன்னால தொலைஞ்சதுக்கு இப்பவா கேஸ் போடற?"

புதன்கிழமை முழுவதும் அவர் ஒரு கணக்கில் இருந்தார். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால் போதும். 'மறுபடி பார்த்ததில் சந்தேகத்துக்கு இடமில்லை' என்று இரண்டு வரி. பெண் தப்பிவிடுவாள். காதும் காதும் வைத்ததுபோல முடிந்துவிடும். புரொஜெக்டர்காரர் பதினேழு ஆண்டு வாயைத் திறக்காதவர், இன்னும் திறக்கமாட்டார். இரண்டு வரியை எழுதியும் பார்த்தார். எழுதியதைப் படித்தபோது, ஒரு மாணவன் இப்படி எழுதிக் கொண்டுவந்தால் எங்கே கைவைப்போம் என்று தானாகத் தெரிந்தது. மறுபடி எதைப் பார்த்தாய்? என்ன பார்த்தாய்? அதை ஏன் எழுதவில்லை? அந்தப் பெண்ணின் தாளில் சிவப்பு மையில் இருப்பது அப்படியே இருக்கும். யாரோ இரக்கப்பட்டு விட்டதாகத்தான் அவள் பேரில் நிற்கும். தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். அப்புறம் யாராவது எடுத்துப் படிப்பார்கள் என்று கூடையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை முதல்வர் அறையில் முதல்வர், சின்ன சார், அந்தப் பெண். பெண் ஜன்னலோரம் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு இங்கேயும் உட்காரவில்லை. மேடம் ஸ்லைடையும் நோட்டையும் மேசைமேல் வைத்தார்.

"படம் திரும்பி இருந்தது" என்றார். "ஒட்டினது நான். பதினெட்டு வருஷமா திருப்பித்தான் காட்டியிருக்கேன். இவ எழுதினதுதான் சரி."

முதல்வர் ஸ்லைடை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டில் இருந்த பென்சில் படத்தைப் பார்த்ததும் புரிந்தது. புரிந்ததும் கலங்கிப்போனார்.

"மேடம், பதினெட்டு வருஷமா இடது கைக்கு அஞ்சு மார்க் போட்டிருக்கீங்களே. அதையெல்லாம் என்ன பண்றது?"

"அது இருக்கட்டும் சார். அவங்க முன்னால திரையில இருந்ததை அவங்க ஒழுங்காப் பார்த்தாங்க. தப்பு அவங்க கண்ணுல இல்ல."

மேடம் சின்ன சாரைப் பார்த்தார். இப்போது சிரிப்பார். இந்த நாளுக்காகத்தான் காத்திருந்திருப்பார்.

சின்ன சார் சிரிக்கவில்லை. "நான்கூட முதல் வாரம் உங்க வகுப்புல இருட்டுல பின்னால உக்காந்து எழுதிப் பார்த்தேன் மேடம்" என்றார். "இடது கைன்னுதான் எழுதினேன். அந்தத் தாளை இந்தப் பொண்ணுகிட்டக்கூட டீக்கடையில காட்டினேன். மூஞ்சைத் திருப்பிக்கிட்டு, தப்புன்னு சொல்லிடுச்சு."

இவ்வளவு நல்லவராக ஏன் பேசுகிறார் என்று மேடத்துக்குள் ஒன்று கேட்டது. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். தாளை எடுத்து, 'பார்க்காமல்' என்பதை அடித்து 'பார்த்து' என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் அந்தப் பெண் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். மேடம் பின்னாலேயே போய் நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

"இரு. அங்க வேற என்ன பார்த்த? ஸ்லைடுல தெரியாதது ஏதாவது?"

பெண் அவரைப் பார்த்தாள். முகத்தை, பிறகு கையிலிருந்த நோட்டை, பிறகு திறந்து பிடித்திருந்த பேனாவை. பத்து நிமிடம் பேனாவைத் தொடாமல் பார்க்கச் சொல்லிக்கொடுத்தபடியே பார்த்தாள்.

"எதுக்குக் கேக்கறீங்க மேடம்?"

மேடம் பேனாவை மூடினார். "தெரிஞ்சுக்கத்தான்."

அது அவளுக்குப் போதவில்லை என்பது தெரிந்தது. "நான் சொன்னா நீங்க எழுதி வச்சுப்பீங்க" என்றாள். "அப்புறம் அடுத்த வருஷம் அதுக்கு அஞ்சு மார்க் போடுவீங்க. நீங்களே போய்ப் பாருங்க மேடம். சனிக்கிழமை அண்ணன் வண்டி போகுது."

"மண்டபம் தெறந்திருக்கும்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயமெல்லாம் இல்ல மேடம். போனாத்தான் தெரியும்."

மேடம் யோசித்தார். இருக்கை எப்படி இருக்கும், டிரைவர் எப்படி ஓட்டுவான், இதில் இவளுக்கு என்ன வரும். எல்லாவற்றையும் யோசித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"எந்தப் பக்கம் உக்காந்தா காலையில மூஞ்சில வெயில் அடிக்காது?"

"இடது பக்கம் மேடம்."

நோட்டின் நடுப்பக்கத்தில், பென்சில் படத்துக்குக் கீழே, மேடம் 'இடது பக்கம்' என்று எழுதினார். எழுதி முடித்து அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.